மியூவானுக்கு நாள் குறித்தது யார்? குவாண்டம் நிச்சயமின்மையும் அலைச்சார்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இயற்பியல் படிக்கும் பிள்ளைகள், பாடம் நடத்தும் ஆசிரியர்கள், அப்புறம் "யூடியூபில் பார்த்தேன், நிஜமா சார்?" என்று கேட்கும் நண்பர்கள் என எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சமன்பாடுகளைத் தவிர்த்துவிட்டு, அவற்றுக்கு என்ன பொருள் என்பதை மட்டும் பேசியிருக்கிறேன். நடுவில் ஓரிடத்தில் விரல் விட்டு எண்ணும் கணக்கு ஒன்று வரும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. உதாரணத்துக்கு வெகுதூரம் போகவில்லை. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது, பழனி மலையில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. நமக்கு இவை போதும்.

'நிச்சயமில்லை' என்றால் நமக்கு விவரம் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் பஸ்ஸுக்காக ஊட்டியில் நிற்கிறீர்கள். எப்போது வரும் என்று தெரியாது. ஆனால் இந்த நிமிஷம் அந்த பஸ் எங்கோ ஓரிடத்தில் இருக்கிறது. பர்லியாரில் மரம் விழுந்து நின்றிருக்கலாம், அருவங்காட்டைத் தாண்டியிருக்கலாம். கண்டக்டருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். தெரியாமை உங்களுடையது, பஸ்ஸுக்கு அதில் பங்கில்லை. பகடை, மழை, குன்னூர் தேயிலை ஏல விலை என்று அன்றாடம் நாம் பார்க்கும் நிகழ்தகவு எல்லாம் இந்த வகைதான்.

இப்போது மியூவானைப் பாருங்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது இந்தத் துகள்கள் உண்டாகின்றன. எலக்ட்ரானைப் போலவேதான், எடை மட்டும் சுமார் 207 மடங்கு. உள்ளங்கையை விரித்து வைத்தால் நொடிக்கு ஒன்றிரண்டு அதன் வழியே போய்க்கொண்டே இருக்கும். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி (ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோ நொடி). அப்புறம் ஓர் எலக்ட்ரானாகவும் இரண்டு நியூட்ரினோக்களாகவும் சிதைந்துவிடும்.

இதை ஒரு கல்லூரி ஆய்வகத்திலேயே பார்க்க முடியும். துகள் பட்டால் மினுக்கும் ஒருவகை பிளாஸ்டிக் கட்டை வேண்டும். மியூவான் அதற்குள் வந்து நின்றால் ஒரு மினுக்கு, சிதையும்போது இன்னொரு மினுக்கு. இரண்டுக்கும் இடையிலுள்ள நேரத்தைக் கருவி எழுதிக்கொள்ளும். திரையில் மைக்ரோ நொடிக் கணக்கில் 0.4 வரும், அடுத்தது 3.1, அப்புறம் 1.7, 0.2, 5.6 என்று ஓடும். எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் ஒரு வரிசை பிடிபடாது.

முதலாவது ஏன் 0.4இல் போனது, கடைசியாக வந்தது ஏன் 5.6 வரை தாங்கியது? குவாண்டம் இயற்பியல் பாடப்புத்தகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்: ஒரு காரணமும் இல்லை. போன் போட்டுக் கேட்க அங்கே கண்டக்டர் கிடையாது. தத்துவச் சண்டை எல்லாம் இந்தப் பதிலை ஏற்பதா வேண்டாமா என்பதில்தான்.

இரண்டு மியூவான்களுக்கு இடையே நம் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் ஏதாவது இருக்கக்கூடாதா?

நல்ல சந்தேகம். இதை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே ஏதோ ஒன்று தேய்ந்துகொண்டே வந்து ஒருகட்டத்தில் உடைகிறது என்று நினைத்தால், அது நடக்காது. நூறு மியூவான்களில் ஏறக்குறைய ஒன்று 10 மைக்ரோ நொடி தாண்டியும் இருக்கும். அந்த ஒன்று தளர்ந்துபோயிருக்க வேண்டுமல்லவா? இல்லை. அதற்கு இனிமேல் எதிர்பார்க்கக்கூடிய சராசரி ஆயுள், அப்போதுதான் பிறந்த மியூவானுக்கு உள்ள அதே 2.2 மைக்ரோ நொடி. டயர் தேயும், தேயிலைச் செடிக்கு வயதாகும், மியூவானுக்கு வயதாவதே இல்லை.

பிறக்கும்போதே ஒவ்வொன்றுக்கும் நாள் குறித்து அனுப்பியிருந்தால்? இதை மியூவானை மட்டும் வைத்து மறுக்க முடியாது. யாரோ மிகச் சரியான விகிதத்தில் நாள் குறித்துக்கொண்டே இருக்கிறார் என்றால், திரையில் தெரியும் எண்கள் இதே மாதிரிதான் இருக்கும். இதற்குப் பதில் வேறோர் இடத்திலிருந்து, 1964இல் ஜான் பெல் என்ற இயற்பியலாளரிடமிருந்து வந்தது. கீழே வரும்.

அப்படியானால் உலகமே குருட்டாம்போக்கா? எதுவும் நடக்கலாமா?

இதுதான் அதிகம் பரவியிருக்கும் தப்பு அபிப்பிராயம். ஒரு மியூவானைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, கூட்டத்தைப் பற்றியோ மிகக் கண்டிப்பாகச் சொல்லலாம். 2.2 மைக்ரோ நொடி கழித்து 37 சதவீதம் மிஞ்சும். ஊட்டியில் அளந்தாலும் ஜப்பானில் அளந்தாலும் அதே கணக்குதான்.

ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 என்ற கருவித்தொகுதியில் 3,712 இரும்புக் குழாய்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், சதுரக் குறுக்குவெட்டு, உள்ளே வாயு. நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்கள் அவற்றில் பதிவாகின்றன. ஒவ்வொன்றும் தன்னிஷ்டத்துக்கு வருவதும் சிதைவதுமாக இருந்தாலும், மொத்த எண்ணிக்கை அவ்வளவு நிதானமாக இருக்கும். 2014 டிசம்பர் 1ஆம் தேதி ஊட்டிக்கு மேலே ஓர் இடிமேகம் வந்து நின்றபோது அந்த எண்ணிக்கை கொஞ்ச நேரத்துக்கு 2 சதவீதம் போலக் குறைந்தது. அந்தக் குறைவை வைத்தே மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். 2019இல் அந்த முடிவு வெளியானது. தனித்தனியே ஒன்றும் சொல்ல முடியாத துகள்களை வைத்து ஒரு மேகத்தின் வோல்டேஜைச் சொல்ல முடிகிறது என்றால், 'எதுவும் நடக்கலாம்' என்று சொல்வதற்கு அங்கே இடம் ஏது?

ஹைசன்பர்க் சொன்னது இதைத்தானே? நாம் அளக்கப் போய்த் துகளை இடித்துவிடுகிறோம், அதனால்தான் சரியாகத் தெரிவதில்லை?

இப்படித்தான் பல வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். 1927இல் நிச்சயமின்மைக் கொள்கையைச் சொன்ன ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் தானே முதலில் இப்படித்தான் விளக்கினார். எலக்ட்ரானைப் பார்க்க ஒளி அடிக்க வேண்டும், அடித்தால் அது தள்ளிப்போகும் என்றார். அவருடைய குரு நீல்ஸ் போருக்கே அந்த விளக்கம் திருப்தியில்லை.

சிக்கல் எங்கே என்று பாருங்கள். ஒரே மாதிரி தயாரித்த எலக்ட்ரான்கள் ஏராளமாக இருக்கின்றன. பாதியில் இருப்பிடத்தை மட்டும் அளக்கிறீர்கள். மீதிப் பாதியில் உந்தத்தை (எடையையும் வேகத்தையும் பெருக்கிய அளவை) மட்டும் அளக்கிறீர்கள். எந்த எலக்ட்ரானையும் இரண்டு தடவை தொடவில்லை, எனவே ஓர் அளவீடு இன்னொன்றைக் கெடுத்தது என்ற பேச்சுக்கே வழியில்லை. இருந்தும் இருப்பிட எண்களின் சிதறலையும் உந்த எண்களின் சிதறலையும் பெருக்கினால் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகாது. அதே 1927இல் கென்னார்டு கணிதமாக நிறுவியது இதைத்தான். துல்லியமான இருப்பிடமும் துல்லியமான உந்தமும் ஒருசேர உள்ள நிலை என ஒன்றைத் தயாரிக்கவே முடியாது என்பதே அதன் சாரம். இடிபடுவதும் உண்மைதான், அதற்கென்று தனியாக வேறு கணக்குகள் இருக்கின்றன. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதனால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. எலக்ட்ரானை ஓர் அணுவின் அளவுக்குள் அடைத்தால் அதன் வேகத்தில் நொடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர் சிதறல் வந்தே தீரும். அது அணுக்கருவில் போய் விழாமல் இருப்பதற்கும், நாம் உட்கார்ந்திருக்கும் நாற்காலி நாற்காலியாக இருப்பதற்கும் இதுதான் காரணம்.

பிறகு ஏன் நம் வாழ்க்கையில் இதெல்லாம் தெரிவதில்லை?

எண்ணைப் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு மில்லிகிராம் எடையுள்ள தேயிலைத்தூள் துகள், இருப்பிடத்தில் ஒரு மைக்ரான் துல்லியம். வேகத்தில் வரும் குறைந்தபட்சச் சிதறலை வைத்துக்கொண்டு, பிரபஞ்சத்தின் வயதான 1380 கோடி ஆண்டுகளும் அது நகர்ந்துகொண்டே இருந்தாலும், ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குதான் தாண்டியிருக்கும். டீ ஆறுவதற்குள் ஒன்றும் ஆகாது.

அலைச்சார்பு என்பது எதன் அலை? தண்ணீரில், காற்றில் வருவதைப் போலவா?

அலைச்சார்பு (wave function) என்பது ஒரு துகளின் நிலையைக் குறிக்கக் குவாண்டம் இயற்பியல் பயன்படுத்தும் கணிதச் சார்பு. 1926இல் ஷ்ரோடிங்கர் அதற்கான சமன்பாட்டை எழுதியபோது அவருக்கும் அப்படி ஓர் ஆசை இருந்தது. எலக்ட்ரான் என்பதே வெளியில் பரவிய ஓர் அலை என்று நினைத்தார். அது நிலைக்கவில்லை. ஓர் எலக்ட்ரானுக்கு அலைச்சார்பு முப்பரிமாணத்தில் இருக்கிறது, சரி. இரண்டு எலக்ட்ரான்கள் என்றால் இரண்டு அலைகள் வரவில்லை, ஆறு பரிமாணத்தில் ஒரே அலைச்சார்பு வருகிறது. மூன்றுக்கு ஒன்பது. ஒரு சொட்டு நீருக்கு எத்தனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதன் மதிப்பும் சாதாரண எண் கிடையாது, பிளஸ் டூவில் படித்த கலப்பெண். இப்படி ஒன்றைத் தண்ணீர் அலையோடு சேர்க்க முடியாது.

அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன் ஒரு விதியைத் தந்தார்: அலைச்சார்பின் அளவை வர்க்கப்படுத்தினால், துகள் எங்கே அகப்படும் என்பதன் நிகழ்தகவு கிடைக்கும். வேடிக்கை என்னவென்றால், கட்டுரையில் வர்க்கம் என்று எழுதவே இல்லை. அச்சுக்குப் போகும்போது அடிக்குறிப்பில்தான் அதைத் திருத்திச் சேர்த்தார். அந்த வேலைக்காக 1954இல் நோபல் பரிசு வந்தது.

கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இதுதான். அலைச்சார்பு காலத்தோடு மாறும் விதத்தில் நிச்சயமின்மை துளிகூடக் கிடையாது. இப்போதைய அலைச்சார்பைக் கொடுத்தால் நாளைய அலைச்சார்பு ஒரே ஒன்றுதான். நியூட்டனின் உலகத்தைப் போல அவ்வளவு கட்டுப்பாடு. மியூவானின் அலைச்சார்பு 'முழு மியூவான்' என்ற பக்கத்திலிருந்து 'சிதைந்துவிட்டது' என்ற பக்கத்துக்கு வழுக்கிக்கொண்டு போவதைப் போல, துள்ளல் ஏதும் இல்லாமல் மெதுவாக நகர்கிறது. ஆனால் பிளாஸ்டிக் கட்டையில் தெரிவது என்ன? திடீரென்று ஒரு மினுக்கு. வழுக்கலான கணக்கு எந்த இடத்தில், எப்படித் திடுக்கென்ற மினுக்காக ஆனது? இப்படிப் பல வாய்ப்புகள் ஒரே முடிவாகச் சுருங்குவதை 'அலைச்சார்பு சரிகிறது' என்பார்கள். இந்தக் கேள்விக்கு 'அளவீட்டுச் சிக்கல்' என்று பெயர். குவாண்டம் தத்துவத்தில் எழுதப்பட்டதில் பாதி இதைப் பற்றியது.

பார்ப்பவரின் மனம்தான் அலைச்சார்பைச் சரியவைக்கிறதாமே? பார்க்காதபோது நிலா இல்லையாமே?

இரவு இரண்டு மணி. ஊட்டியில் பனி கொட்டுகிறது, எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்குகிறார்கள். ஒரு மியூவான் இரும்புக் குழாய்க்குள் புகுந்து வாயுவை அயனியாக்கிவிட்டுப் போகிறது. நடுவிலுள்ள கம்பியில் ஒரு மின்துடிப்பு வருகிறது, கணினியில் ஒரு வரி ஏறுகிறது. அந்த வரியை யாரோ பல மாதம் கழித்துப் படிக்கலாம், படிக்காமலும் போகலாம். அது வரைக்கும் குழாய்க்குள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல எந்த இயற்பியலாளரும் இன்று முன்வருவது அரிது.

மனத்தை உள்ளே இழுத்தவர்கள் சாமானியர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். யூஜின் விக்னர் 1961இல் அப்படித்தான் வாதிட்டார், பின்னாளில் தாமே கைவிட்டார். கைவிட வைத்த விஷயங்களில் ஒன்று, 1970இல் டீட்டர் ட்சே எழுதத் தொடங்கிய ஒத்திசைவு இழப்பு என்ற கருத்து. வாயு மூலக்கூறுகள், வெளிச்சம், சூடு எல்லாம் ஒரு பொருளைச் சதா தொட்டுக்கொண்டே இருக்கின்றன. அதனால் 'இதுவும் அதுவும்' என்ற மேற்பொருந்தல் சுற்றுப்புறத்தில் கரைந்து, நாம் காண முடியாதபடி போய்விடுகிறது. 'பார்ப்பவர்' என்று புத்தகத்தில் வரும் இடங்களில் 'குழாய்' என்று போட்டுப் படித்தாலும் அர்த்தம் கெடாது.

ஆனால் ஒத்திசைவு இழப்பு அளவீட்டுச் சிக்கலை முழுதாகத் தீர்த்துவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சற்று அதிகம். பல விடைகளுக்குள் ஏன் இந்த ஒரு விடை என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது.

ஷ்ரோடிங்கர் பூனை?

1935இல் அவர் அதைச் சொன்னது நையாண்டிக்காக. பூனை உண்மையிலேயே செத்தும் பிழைத்தும் இருக்கிறது என்பது அவர் கட்சி அல்ல. சமன்பாட்டை அப்படியே பெரிய பொருளுக்கும் நீட்டினால் எவ்வளவு அபத்தமாகிறது பாருங்கள் என்று சுட்டிக்காட்டினார். டி-ஷர்ட்டில் அச்சடித்த பிறகு நையாண்டி போய்ப் பூனை மட்டும் மிஞ்சிவிட்டது.

பிறக்கும்போதே நாள் குறித்திருந்தால் என்று கேட்டோமே, அதற்குப் பதில்?

இதோ அந்தக் கணக்கு. பேனா வேண்டாம்.

ஒரே மூலத்திலிருந்து ஜோடியாக இரண்டு போட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், கிளம்புகின்றன. ஒன்று ஊட்டிக்கும் மற்றது கொடைக்கானலுக்கும் போவதாக வைத்துக்கொள்வோம். இரண்டு இடத்திலும் ஒரு போலராய்டு தகடு, அதாவது ஒளியை ஒரு திசையில் அதிர்ந்தால் மட்டுமே விடும் தகடு. அதை 0, 60, 120 டிகிரி என்ற மூன்று கோணங்களில் ஒன்றில் வைக்கலாம். எந்தக் கோணம் என்று அங்கங்கே கடைசி நேரத்தில், ஒருவரை ஒருவர் கேட்காமல் முடிவு செய்கிறார்கள். வரும் போட்டான் தகட்டைத் தாண்டும், அல்லது தாண்டாது.

முதல் செய்தி: இரண்டு பேரும் ஒரே கோணத்தில் வைத்தால் முடிவு எப்போதும் ஒன்றாக இருக்கிறது. அங்கே தாண்டினால் இங்கேயும் தாண்டும்.

இதைக் கேட்டதும் யாருக்கும் தோன்றுவது: கிளம்பும்போதே இரண்டு போட்டான்களிடமும் ஒரே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். '0க்குத் தாண்டு, 60க்கு நில், 120க்குத் தாண்டு' என்பதைப் போல. மியூவானுக்கு நாள் குறித்த அதே கற்பனைதான்.

சரி, சீட்டு இருக்கட்டும். கோணங்கள் மூன்று, எழுதக்கூடிய பதில்களோ இரண்டே. எனவே எந்தச் சீட்டை எழுதினாலும் ஏதாவது இரண்டு கோணங்களுக்கு ஒரே பதில் வந்தே ஆக வேண்டும். வெவ்வேறு கோணங்களை ஜோடி சேர்த்தால் மூன்று ஜோடி: 0-60, 60-120, 0-120. ஒவ்வொரு சீட்டிலும் இந்த மூன்றில் ஒன்றாவது ஒத்துப்போகும். ஆக, ஊட்டியும் கொடைக்கானலும் வெவ்வேறு கோணங்களைத் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கும் சமயங்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு முடிவுகள் ஒத்துப்போக வேண்டும். சீட்டு எழுதியவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதைக் குறைக்க முடியாது.

குவாண்டம் இயற்பியலின் கணக்கு: நான்கில் ஒரு பங்கு.

மூன்றில் ஒன்றுக்கும் நான்கில் ஒன்றுக்கும் நடுவே உள்ள அந்தச் சின்ன இடைவெளியில்தான் பழைய உலகப்பார்வை அகப்பட்டுக்கொண்டது. நான் இங்கே சொன்னது பெல் காட்டியதன் எளிய வடிவம். நிஜ ஆய்வுகளில் கோணங்களும் எண்களும் வேறாக இருக்கும், தர்க்கம் இதுவேதான். 1972இல் கிளவுசரும் ஃப்ரீட்மனும், 1982இல் ஆஸ்பேவும் குழுவினரும் அளந்து பார்த்தார்கள். 2015இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் முடிவைச் சந்தேகிக்க இடம் தந்த முக்கியமான ஓட்டைகளை ஒருசேர அடைத்துவிட்டு அளந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சீட்டுக் கணக்கு தோற்றது. கிளவுசர், ஆஸ்பே, ட்ஸைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு.

மியூவானின் சிதைவுக்கு பெல் கணக்கு நேரடியாகப் பொருந்தாது, அதை ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டும். ஆனால் 'ஒவ்வொரு பொருளும் தன் பதிலைத் தன் மடியிலேயே கட்டிக்கொண்டு வருகிறது, தூரத்தில் நடப்பது அதைத் தொடாது' என்ற பொது நம்பிக்கை உடைந்துவிட்டது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த நாள் குறிக்கும் கதைக்கும் இனி பழைய பலம் இல்லை.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஜோடித் துகள்களுக்கு இடையே உள்ள இந்தப் பின்னலை வைத்து ஊட்டியிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு 'ஹலோ' கூட அனுப்ப முடியாது. அந்தந்த ஊரில் தனியாகப் பார்த்தால் பாதிக்குப் பாதி தற்செயல்தான் தெரியும். இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகுதான் ஒற்றுமை புலப்படும்.

அப்போ ஐன்ஸ்டைன் தோற்றுவிட்டாரா?

கடவுள் பகடை ஆடுவதில்லை என்று 1926இல் போர்னுக்கு எழுதினார் என்பதை மட்டும் வைத்து அவரைப் பிடிவாதக்காரக் கிழவராகக் காட்டுவது அநியாயம். 1935இல் பொடோல்ஸ்கி, ரோசனுடன் அவர் எழுதிய கட்டுரைதான் இந்த ஜோடித் துகள் கேள்வியையே கிளப்பியது. அவருடைய உண்மையான கவலை பகடை பற்றியது அல்ல. இங்கே அளப்பது அங்கே உள்ளதை எப்படிப் பாதிக்கும் என்பதே. அந்தக் கவலை சரியான இடத்தில் விரல் வைத்திருந்தது. விடைதான் அவர் எதிர்பார்த்த பக்கம் வரவில்லை.

இப்போது எத்தனை கட்சிகள் இருக்கின்றன? நீங்கள் எந்தப் பக்கம்?

கட்சிகள் நிறைய. பெரியவற்றை மட்டும் சொல்கிறேன். போர், ஹைசன்பர்க் வழிவந்த கோபன்ஹேகன் பார்வைக்கு அலைச்சார்பு ஒரு கணக்குக் கருவி, அளவீட்டுக்கு முன் 'என்ன இருந்தது' என்று கேட்பதே அர்த்தமற்றது. 1952இல் டேவிட் போம் சொன்னதில் துகள்களுக்கு எப்போதும் இடம் உண்டு, அலை அவற்றை வழிநடத்துகிறது. அங்கே மியூவானுக்கு நாள் குறித்தாயிற்று, ஆனால் அதைக் குறிக்கத் தூரத்துத் துகள்களெல்லாம் அந்தக் கணமே கைகொடுக்க வேண்டும். பெல் கணக்கிலிருந்து அது தப்புவது இந்த விலையைக் கொடுத்துத்தான். 1957இல் எவரெட் சொன்னதில் அலைச்சார்பு சரிவதே இல்லை, எல்லா முடிவுகளும் நடக்கின்றன, நாம் ஒரு கிளையில் இருக்கிறோம். அலைச்சார்பு நம் நம்பிக்கையின் அளவு மட்டுமே என்போரும் உண்டு.

எனக்குக் கோபன்ஹேகன் பதிலில் திருப்தி இல்லை. கேட்காதே என்று சொல்வது பதிலாகாது. எவரெட் பக்கம் கணிதம் அழகு. ஆனால் எல்லாமே நடக்கும் என்றான பிறகு '37 சதவீதம்' என்ற எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதற்கு இதுவரை படித்த விளக்கம் எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. நான் ஆர்வத்தோடு பார்ப்பது மேலே சொல்லாத இன்னொரு கட்சியை. 1986இல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும், அலைச்சார்பு தானாகவே எப்போதாவது சரிகிறது என்று சமன்பாட்டையே மாற்றினார்கள். மாற்றியதால் அதைச் சோதிக்க முடியும். இந்த வழியில் வந்த ஒரு மாதிரி, சரிவின்போது மெல்லிய எக்ஸ் கதிர் வர வேண்டும் என்றது. இத்தாலியில் கிரான் சாஸோ மலைக்கு அடியில் தேடினார்கள், வரவில்லை. அந்த மாதிரியின் எளிய வடிவம் போயிற்று. தத்துவம் ஆய்வுக்கு உட்பட்டுத் தோற்கவும் செய்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

விதி இல்லை என்று ஆகிவிட்டதா? நமக்குச் சுயவிருப்பம் இருக்கிறது என்று நிரூபணமாகிவிட்டதா?

இரண்டும் இல்லை. தலைக்குள் ஓர் அணு காரணமில்லாமல் துள்ளி, அதனால் என் கை உயர்ந்தால், அதை நான் உயர்த்தினேன் என்று எப்படிச் சொல்வது? காரணமின்மை வேறு, சுதந்திரம் வேறு.

விதியைப் பற்றி யோசிப்போருக்கு நம் ஊர்ப் பழைய வாதம் ஒன்று சுவாரசியமாக இருக்கும். தமிழ்நாட்டில் வாழ்ந்த ஆசீவகர்கள் என்ற பழைய சமயத்தார் நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றின் அணுக்களால் உலகம் ஆனது என்றார்கள். நியதி, அதாவது ஊழ், யாராலும் மாற்ற முடியாதது என்றும் சொன்னார்கள். அணுவும் ஊழும் அவர்களிடம் ஒரே கொள்கைக்குள் இருந்தன. ஐரோப்பாவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அணுவாதம் என்றால் கறாரான காரண காரியம் என்றே பழகியிருந்தார்கள். அணுவைப் பிடித்துக்கொண்டே நியதியைக் கைவிட நேரும் என்று அவர்களும் எதிர்பார்க்கவில்லை, இவர்களும் எதிர்பார்க்கவில்லை.

சித்தர்கள் இதையெல்லாம் அன்றே சொல்லிவிட்டார்களே? ஷ்ரோடிங்கரே வேதாந்தம் படித்தவர்தானே?

பழனிப் பக்கம் பேசப்போனால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. ஷ்ரோடிங்கர் உபநிடதங்களை விரும்பிப் படித்தார், உண்மை. ஆனால் அவருடைய சமன்பாடு வந்தது 1924இல் டி பிராய் சொன்ன பொருளலைக் கருத்திலிருந்தும், ஹாமில்டனின் பழைய ஒளியியல் கணிதத்திலிருந்தும். சித்தர்கள் உடம்பையும் உயிரையும் பற்றிக் கேட்ட கேள்விகள் அவர்களுடையவை. மூன்றில் ஒன்றா நான்கில் ஒன்றா என்று அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் பெருமைக்குக் குவாண்டம் சான்றிதழ் எதற்கு?

நமக்குப் பெருமை வேண்டுமென்றால் வேறு இருக்கிறது. 1929இல் ஹைசன்பர்க் சென்னைக்கு வந்தபோது அவருக்கு ஊர் சுற்றிக் காட்டியவர் மாநிலக் கல்லூரி மாணவரான சந்திரசேகர். பின்னால் நட்சத்திரங்களின் முடிவுக்கு அவர் போட்ட கணக்கில் எலக்ட்ரான்களின் குவாண்டம் குணம்தான் மையம்.

கொடைக்கானலில் பார்ப்பது சூரியனைத்தானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சூரியன் எரிவதே இதனால்தான். அதன் மையத்தில் வெப்பம் சுமார் 1.5 கோடி டிகிரி. பெரிய எண்ணாகத் தெரியும், ஆனால் இரண்டு புரோட்டான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையை மீறி ஒட்டுவதற்கு அது சற்றும் போதாது. பழைய இயற்பியல்படி சூரியன் அணைந்தே கிடக்க வேண்டும். அலைச்சார்பு அந்தத் தடைக்கு அப்புறமும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அதனால் எப்போதாவது ஒன்று ஊடுருவிவிடும். 1928இல் காமோவ் கதிரியக்கத்துக்காகச் சொன்ன இந்த ஊடுருவலை, அடுத்த ஆண்டே அட்கின்சனும் ஹவுடர்மன்ஸும் நட்சத்திரங்களுக்குப் பொருத்தினார்கள். ஒரு தனிப் புரோட்டானுக்கு அந்த வாய்ப்பு வரப் பல நூறு கோடி ஆண்டுகள் ஆகும். அதனால்தான் சூரியன் ஒரேயடியாக வெடிக்காமல் நின்று எரிகிறது.

1899இல் தொடங்கிய கொடைக்கானல் ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருக்கிறது. அதில் கணிசமானவை கால்சியத்தின் ஒரே ஒரு ஊதா நிறக் கோட்டில் எடுத்தவை. அந்தக் கோடு கால்சியத்தில் எங்கே விழும் என்பதை அலைச்சார்பு கறாராக நிர்ணயிக்கிறது. அது அங்கேயே விழும் என்று நம்பித்தான், 1909இல் எவர்ஷெட் அதே மலையில் சூரியப்புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் கொஞ்சம் நகர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்று சொல்ல முடிந்தது.

கணக்கு அதிகம் தெரியாது. எங்கே தொடங்கலாம்?

கலப்பெண், அணி, நிகழ்தகவு மூன்றையும் பிளஸ் டூ அளவுக்குத் தூசி தட்டிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் கையால் ஒன்று செய்து பாருங்கள். மூன்று போலராய்டு துண்டுகள் வேண்டும். இரண்டைக் குறுக்குமறுக்காக ஒன்றன் பின் ஒன்றாகப் பிடித்தால் வெளிச்சம் முழுக்க நின்றுவிடும். இப்போது மூன்றாவதை நடுவில் 45 டிகிரி சாய்த்துச் சொருகுங்கள். தடை ஒன்று கூடியிருக்கிறது, ஆனால் வெளிச்சம் வருகிறது. முதலில் இருந்ததில் எட்டில் ஒரு பங்கு வரை வரலாம். போட்டான் ஒவ்வொன்றாக என்ன செய்திருக்கும் என்று யோசித்தால் மேலே சொன்ன சீட்டுக் கணக்குக்குப் பாதி வழி வந்துவிடுவீர்கள்.

போலராய்டு என்று சொல்லி விற்கும் கூலிங் கிளாஸ் ஊட்டி மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். பலவும் வெறும் கறுப்புக் கண்ணாடி. வாங்குவதற்கு முன் போன் திரைக்கு எதிரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டால் வாங்கலாம்.